அக்கா திணித்த மாத்திரை

பஞ்சர் கடை அக்காவுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. துருப்பிடித்த நட்டு திரும்பவில்லையா, சுத்தியலால் ஒரே போடு. லாரிக்காரன் வம்பு பேசுகிறானா, அவனுக்கும் அதே வைத்தியம். புருஷன் ஒருமுறை கை நீட்டினான். அன்றைக்கே பெட்டியோடு தெருவில் நின்றான். ஓங்கி அடித்தால் எதுவும் வழிக்கு வந்துவிடும் என்பது அவள் நினைப்பு. வராத ஒரே ஆள் தம்பி.

அவன் ஹெராயின் ஊசிக்கு அடிமை. கடை ஜாக்கியைக்கூட விற்றுத் தின்றவன். அப்படிப்பட்டவன் அந்த வாரம் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய், போதையை விடுவதற்காக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வாங்கி வந்தான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் அவளைப் போனில் கூப்பிட்டுப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "போதை இறங்கி, உடம்பு நடுங்க ஆரம்பிச்சப்புறம்தான் குடுக்கணும். அவசரப்பட்டா ஆபத்து."

மறுநாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பக்கத்தில் ஊசி கிடக்க, சொக்கிப்போய்க் கிடந்தான் தம்பி. அவளுக்கு ரத்தம் கொதித்தது. நர்ஸாவது, பேச்சாவது! அவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, கன்னத்தில் மாறி மாறி அறைந்து, தாடையைப் பிளந்து மாத்திரையைத் திணித்தாள். கரைகிறவரை வாயைப் பொத்திப் பிடித்தாள். அவன் கடித்த கடியில் உள்ளங்கையில் ரத்தம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சனியன் பிடித்தது. உடம்பில் இருந்த போதையை மாத்திரை ஒரேயடியாக நெட்டித் தள்ளிவிட்டது. அவன் வாந்தி எடுத்தான், சுவரில் தலையை மோதினான், தோலைப் பிறாண்டினான்.

"விஷம் வெச்சுட்டியேடி, பாவி!"

டயர் கழற்றும் கம்பியை எடுத்துச் சுழற்றி அடித்தான். தடுக்கப் போன வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடி தோளில் இறங்கியது. இடக்கையால் அவன் தலைமுடியைப் பற்றித் தரையில் சாய்த்து, முழங்காலால் முகத்தில் இடித்தாள். இரண்டு பேருக்கும் தெம்பு போன பிறகுதான் அடி நின்றது.

அக்கா போன் போட்டதும் நர்ஸ் திட்டித் தீர்த்தாள். பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதே மாத்திரைல இன்னொன்னு குடுங்க. அதுதான் இதை அடக்கும். நான் வண்டி அனுப்பறேன்."

விஷம் என்று அவன் நம்பும் அதே மாத்திரை! இப்போது வேண்டாமென்று விட்டால், இனி அதை ஜென்மத்துக்கும் தொடமாட்டான். பிடித்துத் திணிக்க அவளுக்கு மிஞ்சிய ஒரு கை போதாது. யாரிடமும் கெஞ்சியறியாதவள், தரையில் தவழ்ந்து அவனிடம் போனாள்.

"தப்பு மாத்திரை மேல இல்லடா தம்பி. நீ நடுங்கற வரைக்கும் காத்திருக்கச் சொன்னாங்க. எனக்குத்தான் பொறுக்கல."

"கிட்ட வராதே. கொன்னுடுவேன்."

"கொல்லு. இதை நாக்குக்கு அடியில வெச்சுட்டுக் கொல்லு."

மாத்திரையை முக்காலியின்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவன் கம்பியை விடவில்லை. நடுங்கும் மறுகையால் மாத்திரையைத் தடவி எடுத்து வாயில் போட்டான். அடக்கி வைத்திருக்கிறானா, துப்பப் போகிறானா, தெரியவில்லை. பாய்ந்து அவன் தாடையைப் பிடிக்கத் துடித்த இடக்கையைத் தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.