அலான்ஸோ டிஸ்டேலின் விரிந்த கை

மெம்ஃபிஸின் தென்பகுதியில் அலான்ஸோ டிஸ்டேலைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் சொல்வார்கள். சனிக்கிழமை கிளப்பில் ஆட வந்தவர்களை அழவைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது முதலாவது. ஞாயிறு காலை சபையில் ஆர்கன் வாசிக்க அவனுக்கு என்ன யோக்கியதை என்பது மற்றது. இரண்டு இடத்திலும் அவன் வாசித்தது ஏறக்குறைய ஒன்றையேதான். இங்கே கர்த்தரைக் கெஞ்சினான், அங்கே ஒரு பெண்ணைக் கெஞ்சினான். கெஞ்சலில் வித்தியாசம் தெரியாது.

பருத்திக்காட்டில் பிறந்து, ராணுவ பாண்டில் நாலு வருஷம் வாசித்துத் திரும்பியபோது அவன் கொண்டுவந்த ஒரே சொத்து ஒழுங்கு. ஒன்பது பேரைச் சேர்த்து 'டிஸ்டேல் ராயல்ஸ்' என்று பெயர் வைத்தான். பாடும்போது ஆர்கனை விட்டெழுந்து மைக்கின் முன்னால் நிற்பான். முகம் கூட்டத்தைப் பார்க்கும், உத்தரவு முதுகுக்குப் பின்னால் இருக்கும் வலதுகையிலிருந்து வரும். கை விரிந்திருந்தால் இன்னொரு சுற்று, மூடினால் நிறுத்தம். கை மூடாமல் எவனும் நிறுத்தக் கூடாது. கூரை விழுந்தாலும் வாசித்துக்கொண்டே சாகவேண்டும் என்று ஒத்திகையில் சொல்வான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

டிரம்மருக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. முடியவில்லை என்றால் டிரம்மின் இரும்பு விளிம்பில் இரண்டு முறை தட்டலாம். தலைவன் புரிந்துகொண்டு கையை மூடுவான். அவனுடைய டிரம்மர் லெமுயல் பெட்டிஸ் ஆறு வருஷத்தில் அந்தச் சலுகையைத் தொடவே இல்லை.

1966 மார்ச்சில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்கன்ஸாவில் ஒரு நடனக்கூடத்தில் தொட்டான். ரெக்கார்டு போட இயந்திரம் வந்திருந்தது. 'இன்னும் போகாதே' என்ற பாட்டு. வழக்கமாக நாலு நிமிஷம். அன்றைக்குக் கூட்டம் நாற்காலிமேல் ஏறி நின்றது, அலான்ஸோவின் கை விரிந்தே இருந்தது. டக்டக் என்று பின்னால் கேட்டது. இன்னொரு சுற்று என்றது கை. மறுபடி கேட்டது. மூன்றாவது முறையும் கேட்டது. பதினோராவது நிமிஷத்தில்தான் கை மூடியது. ஒன்பது பேரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். எட்டுப் பேர் நிமிர்ந்தார்கள். லெமுயல் டிரம்மின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான்.

இதயம் என்றார் டாக்டர்.

அலான்ஸோவின் வாழ்க்கையில் வெற்றி பெற்ற ஒரே ரெக்கார்டு அதுதான். கடைசி நிமிஷங்களில் தாளம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். அதில் ஒரு மேதைமை இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. இளம் டிரம்மர்கள் அந்தத் தயக்கத்தை, நடுவில் வரும் இரட்டைத் தட்டலோடு சேர்த்து, வீட்டுக்கொட்டகைகளில் உட்கார்ந்து பழகினார்கள். ஒரு மனிதன் சாகும் விதத்தை ஊர் ஊராகப் பாடம் பண்ணினார்கள் என்றும் சொல்லலாம். அலான்ஸோவிடம் வேலை கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பெருமையடித்தார்கள்.

"ரெக்கார்டுல இருக்குற மாதிரியே அடிச்சுக் காட்டவா, மிஸ்டர் டிஸ்டேல்?"

"அந்தத் தட்டல் வேண்டாம்ப்பா."

"ஐயோ, அதுதானே அழகே!"

தட்டலை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தான். கூட்டம் கூச்சலிட்டது. எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும், வேறுவேறு இளைஞர்களின் கையால், லெமுயல் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, நிறுத்து என்று கேட்டான். அலான்ஸோ திரும்பிப் பார்ப்பதை விட்டான். பார்த்தால் வேறு யாரோ இருப்பார்கள் என்பது தெரியும். அந்த நிச்சயம்தான் அவனுக்குப் போதாமல் இருந்தது.

லெமுயலின் மனைவி எர்லீனிடம் சவ அடக்கத்தின்போது அவன் சொன்னது இது: "சிரிச்ச முகமாப் போனாரு, மிஸ் எர்லீன். ஒரு தடவகூட நிறுத்துன்னு கேக்கல." ஆறுதலுக்குச் சொன்னான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் இரண்டாம் ஞாயிறு, சபை முடிந்ததும் அவள் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு. பன்றிக்கழுத்துக் கறி, கீரை, சோளரொட்டி. சாப்பிட்டதும் அவன் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லவேண்டும்.

"பொய்க்கு இவ்வளவு நல்ல குழம்பு ஊத்தி நான் பாத்ததில்லடா," என்றான் டிரம்பட் ஊதும் ஹோரஸ், எட்டாம் வருஷம் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டபோது. "நாங்க எட்டுப் பேரும் உன் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தோம். ஞாபகம் இருக்கட்டும்."

"அப்ப நீங்களாவது நிறுத்தியிருக்கலாமே."

"ராணுவத்துல இருந்து வந்தவன் நீயா, நானா?"

எர்லீன் சபையில் ஆட்களை உட்காரவைக்கும் வெள்ளைச் சீருடையிலேயே கதவைத் திறந்தாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு செய்தி இருந்தது.

"அவருக்குக் கல்லு வைக்கப்போறேன், அலான்ஸோ. நாளைக்குச் செதுக்குறவன் வர்றான். வரியும் முடிவாயிடுச்சு." ஒரு காகிதத்தை அவன் பக்கம் தள்ளினாள். *நிறுத்து என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை.* "உன் வாயில வந்ததுதான். ஒரு எழுத்து மாத்தல."

வாயில் சொன்ன பொய்க்கு எட்டு வயது. கல்லில் ஏறினால் அதற்குச் சாவே கிடையாது. லெமுயல் அதன் கீழேதான் படுத்திருக்கவேண்டும். இந்த மேசையைத் தவிர தன்னை யாரும் நன்றியோடு பார்க்கிற இடம் ஊரில் வேறு இல்லை என்பதும் அலான்ஸோவுக்குத் தெரியும்.

"அது வேண்டாம், மிஸ் எர்லீன்."

"ஏன், நீளமா இருக்கா?"

"கேட்டாரு." காகிதத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினான். "ரெக்கார்டுல டக்டக்னு வருதில்ல, அது அழகுக்கு இல்ல. 'முடியல, நிறுத்து'ன்னு அர்த்தம். மூணு தடவ கேட்டாரு. எனக்குக் கேட்டுச்சு. கூட்டம் எழுந்து நின்னுச்சு, நான் கைய மூடல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குப் பிடிமானம் கிடைத்திருக்கும். எழுந்துபோய் ரெக்கார்டை வைத்தாள்.

"காட்டு."

ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் விரலைத் தூக்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. கையை இறக்கினான். அவள் பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு ஊசியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து வைத்தாள்.

"இது என்ன?"

டிரம்பட்டுகளுக்கு அடியில், கூட்டத்தின் சத்தத்துக்குள், விரல்நகத்தால் தட்டியதுபோல ஒன்று. இரண்டாவது தட்டு வரவேயில்லை.

"மூணுன்னு சொன்ன," என்றாள்.

எட்டு வருஷம், வாரந்தோறும், அவன் எண்ணியது மூன்று. நாலாவதை எந்த டிரம்மரும் பழகவில்லை, அவனுக்கும் கேட்டதில்லை. அவள் ஊசியை மறுபடி வைத்தாள். இந்த முறை அவனுக்கு அது மட்டும்தான் கேட்டது.

பென்சிலை அவன் முன்னால் போட்டாள். "நீயே எழுது. நாளைக்கு அவன் வந்துடுவான்."

இப்போது கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இருக்கிறது. *லெமுயல் பெட்டிஸ். நாலு முறை கேட்டார்.* என்ன கேட்டார் என்று அதில் இல்லை. ஜெபம் என்று போதகர் நினைக்கிறார். அலான்ஸோ அந்தப் பாட்டைப் பாடுவதை நிறுத்தவில்லை. வேறு எதற்கும் அவனை யாரும் கூப்பிடுவதுமில்லை.

அடுத்த மார்ச், இரண்டாம் ஞாயிறு, அழைப்பு வரவில்லை. ஹோரஸின் காரில் அவள் வீட்டெதிரே போய் உட்கார்ந்தான்.

"கதவத் தட்டேன்," என்றான் ஹோரஸ். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து எர்லீன் வெள்ளைச் சீருடையில் வெளியே வந்தாள். அலுமினியத் தாள் மூடிய ஒரு பாத்திரத்தைக் கார் ஜன்னல் வழியே ஹோரஸின் மடியில் வைத்தாள்.

"அவனுக்கு," என்றாள். அலான்ஸோவைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாத்திரம் சூடாகவே இருந்தது.