வானொலி போடாத பாட்டு

சித்தப்பா ஓட்டுவது வாடகைக் கார். காலையில் முதல் சவாரிக்கு முன்னால் தன் அக்காவை, அதாவது என் அத்தையை, தையல் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்டபடி போவாள்.

கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்த மகளோடு அத்தைக்கு ஏதோ வாய்த்தகராறு, பேச்சு நின்றுபோயிருந்தது. தானாகக் கூப்பிட அத்தைக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. மகளும் அந்த நிகழ்ச்சியைக் கேட்பவள். அதனால் அவள் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன ஒரு பாட்டை விரும்பிக் கேட்டு, அவள் பெயரையும் சேர்த்து, அத்தை நிலையத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். போட்டபாடில்லை.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் இருந்தது. காரின் சிகரெட் லைட்டர் துளையில் அதைச் செருகி, நிலையம் எதுவும் இல்லாத அலைவரிசை எண்ணில் ரேடியோவை வைத்தால், பாக்கெட் பிளேயரில் ஓடும் பாட்டு கார் ரேடியோவில் கேட்கும். ஒருநாள் பெட்ரோல் பங்கில் அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அதைச் செருகினார். அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான்க்கா உன் பேரையும் பாப்பா பேரையும் சொன்னாங்க. நூலிழையில விட்டுட்டே."

ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக அத்தை முழுப்பாட்டையும் கேட்டாள். அக்காவின் முகம் மலர்ந்ததில் சித்தப்பாவுக்கு வேறெதுவும் புத்தியில் உறைக்கவில்லை.

அன்று மகள் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அத்தை தானே ரேடியோவை அணைத்தாள்.

"கேட்டும் கூப்பிடலைன்னா என்னடா அர்த்தம்? தலை முழுகிட்டா."

சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னவென்று சித்தி குடைந்ததில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சித்தி திட்டவில்லை.

"தையல்காரிகிட்டயே ஒட்டுப் போட்டிருக்கீங்க. நீங்களே போய்ப் பிரிச்சுடுங்க."

மறுநாள் கம்பெனி வாசலில் காரை நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரை எடுத்து அத்தை கையில் கொடுத்து, செய்ததைச் சொன்னார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவ கேட்டிருக்கவே மாட்டாளா?"

"மாட்டாக்கா. இந்த வண்டிக்குள்ள மட்டுந்தான் கேக்கும்."

உள்ளே வேலை தொடங்கும் மணி அடித்தது. அத்தை இறங்கவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று ஆரம்பித்தவள் பேசிக்கொண்டே இறங்கி, பேசிக்கொண்டே கேட்டுக்குள் போனாள். சித்தப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை அத்தை பின் கதவைத் திறந்து, சவாரிக்கு வந்தவள்போலப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். சித்தப்பா முன்னால் வரச் சொன்னார்.

"அங்க உக்காந்தா இன்னும் என்னென்ன கேக்க வைப்பியோ. வண்டியை எடு."

அவர் எடுத்தார். கம்பெனி வரும்வரை, பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்குக்கூட, அக்காவின் முகம் தெரியும் கண்ணாடிப் பக்கம் அவர் கண் போகவில்லை.