அளவு எடுக்காத எட்டு நாட்கள்

செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சி முடிந்து, கழற்றி வைத்திருந்த செவிக்கருவியை எடுத்து வலது காதில் பொருத்தினேன். அது உட்காரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். கீச்சென்று விசில் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால், காதின் மேல் மடிப்பிலிருந்து நடுக்குழி வரை ஒரு புடைப்பு. தொட்டால் மெத்தென்று, சூடாக, தண்ணீர் நிரப்பிய சிறு பை போல இருந்தது. வலி அதிகமில்லை. அதனால்தான் அன்று நான் பயப்படவில்லை.

பயந்திருக்க வேண்டும். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் இடது காது கேட்பதில்லை. வலது காது கருவி இருந்தால் கேட்கும். கருவியைக் காதோடு பிடித்து வைப்பது காது அச்சு (அவரவர் காதுக் குழிக்கு ஏற்ப வார்த்தெடுக்கும் மென்மையான துண்டு). காதின் வடிவம் மாறினால் அச்சு பொருந்தாது. புதிதாக வார்க்கலாம்தான். ஆனால் குழியே தடித்து மூடிக்கொண்டால் எதை வைத்து வார்ப்பது?

எனக்கு நாற்பத்தைந்து வயது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை. மூன்று ஆண்டுகளாக, ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போகிறேன். பிடித்து, புரட்டி, மடக்கும் விளையாட்டு. அங்கே எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் போதும். காது கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது ஒரு விடுதலை.

என் பயிற்சித் துணை பரிதா. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் அவளுடைய குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. என்னிடம் பேசும்போது எப்போதும் நேருக்கு நேர் நின்று, வாயசைவு தெரியும்படி உரக்கப் பேசுவாள்.

“அக்கா, காது எண்ணெயில போட்ட கறிபாப் மாதிரி வீங்கிருச்சு!”

“உன் காதுக்கு மட்டும் ஏன் ஒன்னும் ஆகல?”

“முப்பது வருசமா மூடியே இருக்கு லா. வெயிலே பட்டதில்ல, நீங்க என்ன செஞ்சிட முடியும்?” என்று தலை முக்காட்டைத் தட்டிக் காட்டினாள்.

சக மாணவர் ஒருவர், தன்னிடம் ஊசி இருப்பதாகவும் ஒரு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். பரிதா குறுக்கே வந்து நின்றாள். “அண்ணே, உங்களுக்குக் கோழி வெட்டவே தெரியாது. அக்கா காத விடுங்க.”

என் பையில் காதுக்கவசம் இருந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகியும் போட்டதில்லை. பிடியை விடச் சொல்லக் கையால் தட்டுவது வழக்கம். இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் பரிதா “சூடா!” என்று கத்துவாள், மலாயில் போதும், விடு என்று பொருள். கருவி இல்லாமல் அந்தக் கத்தலை மங்கலாகவாவது கேட்பேன். கவசம் போட்டால் அதுவும் கேட்காது. அவள் முழங்கையை நான் உடைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

மறுநாள் காலை கிளினிக் போனேன். டாக்டர் இதை ஹெமடோமா என்றார் (குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் இடையே இரத்தம் தேங்குவது). குருத்தெலும்புக்கு அந்த உறையிலிருந்துதான் ஊட்டம் போகிறது. இரத்தம் இரண்டையும் பிரித்து வைத்தால், இடைவெளியில் புதிய கெட்டித் திசு வளர்ந்து காது முடிச்சு முடிச்சாகிவிடும். அதுதான் மல்யுத்தக்காரர்களிடம் நாம் பார்க்கும் காலிஃபிளவர் காது. ஊசியால் இரத்தத்தை எடுத்து, தலையைச் சுற்றி அழுத்தக் கட்டுப் போட்டார். சனிக்கிழமை வரச் சொன்னார். அதுவரை கட்டைப் பிரிக்கக் கூடாது.

என் கணவர் மோகன் வாசலிலேயே சிரித்தார். “என்னம்மா, போருக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்க.”

வியாழன் காலை 6.10க்குக் கட்டைப் பிரித்தேன்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். வேலையில் இருபது ஆண்டுகளாக, அளக்காத ஒன்றை ‘சரி’ என்று நான் கையெழுத்திட்டதில்லை. தடிமன் அளக்கும் வெர்னியர் காலிபரை ஆல்கஹாலால் துடைத்து, புடைப்பின் நடுவில் வைத்து அளந்தேன்: 7.4 மில்லிமீட்டர். இடது காதில் அதே இடம் 4.1. கட்டை எப்படி இருந்ததோ அப்படியே திரும்பச் சுற்றினேன். வெள்ளி 8.8. சனி 10.3.

சனிக்கிழமை கிளினிக் டாக்டரின் முகம் மாறியது. முழுவதும் திரும்ப நிரம்பியிருந்தது. நிபுணருக்குக் கடிதம் எழுதினார். கிடைத்த முதல் நேரம் திங்கள் காலை. “இன்னும் தள்ளிப் போடாதீங்க, கெட்டியாயிரும்,” என்றார். ஞாயிறு காலை 11.0. புடைப்பின் ஓரத்தில் லேசான கடினம் தெரிந்தது. அன்று முழுவதும் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காது மூக்கு தொண்டை நிபுணர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நான் வாயசைவைப் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். என் நாட்குறிப்பை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“அழகா எழுதியிருக்கீங்க. நேரம், அளவு, எல்லாம் இருக்கு. சரி, கட்டு போட்டிருக்கும்போது எப்படி அளந்தீங்க?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“பிரிச்சேன், டாக்டர்.”

“தினமுமா?”

“ஆறேழு நிமிஷம்தான்.”

கூட வந்திருந்த மோகன் என் பக்கம் திரும்பினார். “நான் டீ கலக்குற நேரத்துலயா?”

டாக்டர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “தோல் திரும்ப ஒட்டணும். ஒட்ட வச்சத தினம் பிரிச்சுப் பார்த்தா எப்படி ஒட்டும்? மேல காலிபர் வேற வச்சு அழுத்தியிருக்கீங்க.”

“அளக்கலன்னா சரியாகுதான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது. எட்டு நாளைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அன்றே செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு, மடிப்பின் ஓரமாகச் சிறிதாகக் கீறி, இரத்தத்தையும் உறையத் தொடங்கிய கட்டிகளையும் எடுத்தார். பிறகு காதின் முன்னும் பின்னும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருளை வைத்து, காதின் ஊடாகவே தைத்துவிட்டார். வலி தெரியவில்லை. ஆனால் நூல் குருத்தெலும்பைக் கடக்கும் கரகரப்பு மண்டைக்குள் கேட்டது. அன்று நான் தெளிவாகக் கேட்ட ஒரே ஒலி அதுதான். இனி நானே நினைத்தாலும் பிரிக்க முடியாது.

அந்த எட்டு நாளும் கருவி இல்லை. மேசையிலிருந்த காலிபரும் காணாமல் போயிருந்தது. நாட்குறிப்பைத் திறந்தால் மோகனின் கையெழுத்து: “காலிபர் என் காடிக்குள்ள பூட்டியிருக்கு. தேடாதே.” (காடி என்றால் எங்கள் பக்கம் கார்.)

அதன் பிறகு தினமும் ஏதாவது எழுதினார். நான் எண் எழுதும் இடத்தில் அவர் எழுதியவை: “மழ சத்தம். துணி எடுத்துட்டேன்.” “மேல் வீட்டுல சண்ட. அந்தம்மாதான் ஜெயிச்சிச்சு.” “நீ தூக்கத்துல எதையோ எண்ணுற.”

ஐந்தாம் நாள் மதியம் சுருளுக்கு அடியில் சூடும் துடிப்பும் தொடங்கின. தொற்று என்றால் குருத்தெலும்பே கரைந்து போகலாம் என்று எச்சரித்திருந்தார்கள். குளியலறையில் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரே ஒரு தையல் போதும், உள்ளே பார்த்துவிடலாம். கண்ணாடியில் எனக்குப் பின்னால் மோகன் நின்றுகொண்டிருந்தார். கார்ச் சாவியை ஆட்டிக் காட்டினார். மருத்துவமனை நடைபாதையில் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். காய்ச்சல் இல்லை, சிவப்பு பரவவில்லை. வெயிலில் பஞ்சுக்கடியில் வியர்த்து அரித்ததுதான் காரணம். டாக்டர் என் கையைத் தட்டினார். “இப்படி ஓடி வாங்க, தப்பில்ல. பிரிக்காம வந்தீங்களே.”

எட்டாம் நாள் தையலை வெட்டினார்கள். காதின் மேல் மடிப்பு சற்றுத் தடித்திருந்தது. விரலால் தேடினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். அது இனி போகாதாம். நடுக்குழி தப்பித்துவிட்டது. காயம் ஆறியதும் அச்சைப் பொருத்திப் பார்த்தேன். முக்கால் பங்கு உள்ளே போய் நின்றது. ஒரு சிறு விசில், பிறகு அறையின் குளிர்சாதனச் சத்தம், அதன் மேல் மோகனின் குரல்: “கேக்குதா?” புதிய அச்சு வார்க்கக் குழி இருந்தது. வார்த்தோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: காது சூடாகிப் புடைத்தால் அன்றே பயிற்சியை நிறுத்துங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பயிற்சிக் கூடத்தில் யாரிடமும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். போட்ட கட்டைப் பிரிக்க வேண்டியவர் டாக்டர்தான். கவசத்தைப் பையில் வைத்திருப்பதால் பயனில்லை, நான் வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் அனுமதித்த பிறகு மாடி ஏறினேன். கவசத்தைக் கட்டியதும் உலகம் முழுவதும் அடங்கியது. பரிதாவிடம் என் பயத்தைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. தரையைக் காட்டி, குதிகாலால் இரண்டு முறை மிதித்துக் காட்டினாள். “கத்த மாட்டேன். மிதிப்பேன். முதுகுக்குத் தெரியுமில்ல?”

நான் கீழே, அவள் மேலே. அவள் கை என் பிடிக்குள் வந்தது. அவளுடைய மற்றொரு கை எனக்கு அடியில் சிக்கியிருந்தது. மெல்ல இறுக்கினேன். காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது, நான் பார்க்கவில்லை. பாய் வழியாக என் முதுகெலும்பில், ஒன்று, உடனே இன்னொன்று, இரண்டு அதிர்வுகள் வந்தன.

கையை விட்டேன்.