செல்வம் வைத்த கண்

செல்வம் போய்விட்டான் என்று போன் வந்தபோது, அடைத்துக்கொண்ட, சாயம் ஊதும் ஏர்பிரஷை மூக்குக்கு நேரே பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அடைப்பு விட்டது. அலோர் காஜாவில் அவன் வீட்டுக்குப் பச்சை மூக்கோடுதான் போய்ச் சேர்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள் நடுவீட்டில் படுத்திருந்தான்.

டுரியான் துங்கால் அணையில் எங்களோடு தூண்டில் போட்ட உங்களுக்கு எங்கள் கூட்டுத்தொழில் தெரியும். மீனை ஏமாற்றும் பிளாஸ்டிக் மீனுக்கு, நம் பேச்சில் லூருக்கு, என் வீட்டின் பின்புறம் நான் சாயம் அடிப்பேன். வெங்காயப் பை வலையை மேலே இழுத்துக் கட்டி ஏர்பிரஷால் ஊதினால் செதில் வந்துவிடும். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவனுக்கு அதுவே பெரிய வித்தை.

கண் மட்டும் செல்வம்தான் வைப்பான். கார் பட்டறையில் சாயம் அடிப்பவன். கோயில் சிலைக்குக் கண் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். "கண்ணு கடைசியிலதான்லா. தொறந்த பொறவு எவனும் பிரஷ் வைக்கக்கூடாது" என்பான். பிளாஸ்டிக்குக்கு எதற்கடா சாமி சட்டம் என்றால், "உனக்கு நக்கலு. தோமானுக்குத் தெரியும்" என்பான். தோமான், அணையில் கிடக்கும் முரட்டு விரால்.

கடைசி மாதங்களில் அவனோடு பட்ட எரிச்சல் கொஞ்சமில்லை. ஏழு லூர்கள் கண்ணில்லாமல் கொடியில் தொங்கின. கூப்பிட்டால், "அடுத்த ஞாயிறு பாப்போம்லா." வந்தாலும் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். "அப்பா, குருட்டு மீன் கடை எப்பத் தொறக்கப் போறீங்க?" என்று என் மகளே கேட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியே விட்டேன். "பெரிய சிற்பின்னு நெனப்பா? நீ வைக்கிறியா, நான் வைக்கட்டுமா?"

உட்கார்ந்தான். தூரிகை இரண்டு முறை விரலிலிருந்து நழுவியது. வைத்த கண், உடைந்த முட்டைக் கருபோல வழிந்தது.

"கோப்பி ஜாஸ்தி மச்சான்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் போனதும் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டு நானே வரைந்தேன். மற்ற ஆறுக்கும் வைத்தேன். சட்டம் போயிற்று.

அடுத்த வாரம் தான் கண் வைத்ததாக அவன் நினைத்திருந்த அந்த லூரையே தோமான் கவ்வியது. செல்வம் மீனைத் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் ஆடினான். "பாத்தியாடா! யாரு வச்ச கண்ணு?"

"நீ வச்சதுதான்டா சாமி" என்றேன்.

அதன் பிறகு பத்து நாள்கூட ஆகவில்லை. பட்டறையில் விழுந்தான். ஸ்ட்ரோக்.

சாவு வீட்டில் அவன் மனைவி கேட்டது: "முன்னாடியே கை மரத்துச்சா, பிடி நழுவுச்சான்னு டாக்டர் கேட்டாரு அண்ணே. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

இல்லை என்று தலையாட்டினேன். பொய்யில்லை, அவன் சொல்லவில்லைதான். அவன் வீட்டில் எடுத்து வைத்திருந்த அந்த லூரை என் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்க. கண்ணு எவ்ளோ அழகா வச்சிருக்காரு, பாருங்க."

அது இப்போது என் கம்ப்ரசருக்கு மேலே தொங்குகிறது. தண்ணீரில் போட மாட்டேன். நிமிரும்போதெல்லாம் என்னையே முறைக்கிறது. அணைக்கரையில் சொல்லியிருக்க வேண்டியது அப்போதுதான் வாய்வரை வருகிறது: அது நான் வச்ச கண்ணுடா. உன் கையில பிடி இல்ல. வா, கிளினிக் போவோம்.