பௌர்ணமி மாத்திரை

என் வீட்டுக்காரர் கொத்தனார். வேங்கிக்கால் பக்கம் புது வீடுகளில் வேலை. சர்க்கரை உண்டு. ஆனாலும் ஒரு பௌர்ணமி கிரிவலம் விட்டதில்லை. வெறுங்காலில்தான் சுற்றுவார். கொப்புளம் வரும், உடையும்.

மறுநாள் சிமெண்டில் நிற்க வேண்டும். அதனால் நேராக மெடிக்கலுக்குப் போவார். கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே தெரியும்.

"இன்னா மேஸ்திரி, பௌர்ணமி மாத்திரையா?"

"ஆமாங்க. அந்தச் செவப்பு கறுப்புதான்."

டாக்டர் சீட்டு எதுவும் கேட்க மாட்டார். அட்டையைக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பார். இவர் ஒன்றை விழுங்குவார். இன்னொன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்ணில் கொட்டுவார். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். புண் காய்ந்ததும் நிறுத்திவிடுவார். மீதி அடுத்த பௌர்ணமிக்கு.

பல வருஷம் இப்படிப் போயிற்று. போன கார்த்திகை தீபத்துக்குச் சுற்றி வந்த பிறகு புண் காயவில்லை. கடைக்காரர் வேறு கொடுத்தார்.

"இது ஸ்ட்ராங்கு. சீக்கிரம் ஆறிடும் பாரு."

ஆறவில்லை. வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. குளிர்காய்ச்சல் வந்தது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. புண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன கொட்டுனீங்க?"

"மாத்திரைத் தூளுங்க."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதலீங்க. நாங்களே வாங்குவோம்."

அவர் திட்டவில்லை. சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"நீங்க வாங்குற மாத்திரை எதுவும் இந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணலம்மா. அரகொறையா போட்டுப் போட்டு பழகிடுச்சு. இனி ஒரு ஊசிதான் இருக்கு. அதுக்கும் கேக்கலன்னா காலை எடுக்கணும்."

காலில் சிவப்பு ஏறியிருந்த இடம் வரைக்கும் பேனாவால் கோடு போட்டார். அதைத் தாண்டினால் உடனே சொல்லச் சொன்னார்.

நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு தின்னும்போதும் பார்த்தேன். கால் போனால் சாரம் ஏற முடியாது. அவருக்கு வேறு வேலை தெரியாது.

அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடி கேட்பார்.

"ஜாஸ்தியாச்சா, கம்மியாச்சா?"

"அப்படியேதான்யா இருக்குது."

பொய் இல்லை. அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் விடிந்து பார்த்தபோது சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அழுகிப்போன இரண்டு விரலை மட்டும் எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னொரு தடவை வந்தால் இந்த ஊசியும் கேட்காமல் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். என் வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று என்னிடம் கேட்டார்.

"செருப்பு போட்டுனு சுத்துனா சாமி ஏத்துக்குமா?"

"சாமி ஒண்ணும் சொல்லாது. மொதல்ல கக்கூஸ் வரைக்கும் நட, பாக்கலாம்."

சிரிக்கவில்லை. கட்டிலைப் பிடித்து எழுந்தார். கட்டுப் போட்ட காலை ஊன்றினார். ஓர் அடி வைத்தார். அடுத்த அடிக்கு என் தோளைப் பிடித்தார். கனம் முழுதும் என் மேல் இறங்கியது.