கடல் தாண்டி வந்த பருந்துகள்

இன்று காலை, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில், செடிகளுக்கு ஊற்ற அம்மா தண்ணீர் பிடித்த பழைய பால்வாளியிலிருந்து, விளிம்பில் இன்னும் ஒட்டிக்கிடக்கும் ரப்பர்ப்பாலின் புளித்த வாடை எழுந்தது.

லூபோக் சீனா பக்கம், இப்போது இல்லாமல் போய்விட்ட எங்கள் தோட்டத்தில், ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் மார்ச் மாதத்தில், கடல் பக்கமிருந்து கூட்டங்கூட்டமாகப் பருந்துகள் வந்து தொழிலாளர்களுக்கான வரிசைவீடான எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்கள் ரம்புத்தான் மரங்களில் அமரும்; உடனே அம்மா கோழிகளைக் கூடையால் மூடிவிட்டு, இந்த வாளியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே மரங்களைச் சுற்றி வருவார், நாங்களும் தட்டுகளோடு பின்னால் ஓடுவோம், அவை எழும்பித் தள்ளாடி மறுபடி அங்கேயே அமரும்.

ஒரு வருடம், ஒரு பருந்து கோழிக்கூடையின் மேலேயே வந்து விழுந்தது. உள்ளே கோழிகள் கதறின. அது இறக்கை விரிந்தபடி மூச்சிரைத்ததே தவிர, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“சுமத்ராவுலேருந்து கடலத் தாண்டி வருது. கோழி தூக்க அதுக்கு ஏது தெம்பு?” என்றார் அப்பா.

அம்மா கரண்டியைக் கீழே போட்டார். “ஐயோ, இத்தன வருசமா இதுங்களயா வெரட்டுனேன்? யாரும் சத்தம் போடாதீங்க லா, மூச்சு வாங்கட்டும்.”

அதன்பின் மார்ச் மாதங்களில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பாத்திரம்கூட ஓசையில்லாமல்தான் துலக்கப்பட்டது.

இன்று, அந்த வாடை கலையுமுன் அண்ணாந்து பார்த்தேன். கூரைகளுக்கு மேலே, உயரத்தில், முப்பது நாற்பது பருந்துகள் வட்டமிட்டன. ஒன்று தாழ்ந்து வந்து எங்கள் மாமரத்தில் இறங்கியது.

“அம்மா, அங்க பாருங்க” என்றேன்.

அம்மா பார்த்தார். கையிலிருந்த வாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.