மாலை போட்டவன் குடித்த வினாகிரி

மாலை போட்ட ஒச்சப்பன் கள் குடித்துவிட்டான் என்று 1979 கார்த்திகையில் கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கப் பேச்சு. விசாரித்தால், தேனில் இரண்டு கரண்டி வினாகிரி, அதாவது புளிக்காடி, கலந்து குடித்திருக்கிறான். தொண்டைக்கட்டுக்குப் பழைய வைத்தியம். மிளகுக் கிடங்கில் ஏலம் கூவுகிறவனுக்குக் குரல் போனால் வேலையும் போகும். ஆனால் அது கள்ளைப் புளிக்கவைத்த வினாகிரி என்று, கொடுத்த பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி பிறகுதான் சொன்னாள். குருசாமியிடம் ஓடினான்.

“சாமி, என் விரதம் போச்சா?”

“கள்ளுதானே சாமி அது?” என்றார் குருசாமி.

“கள்ளு செத்தப்புறம்தானே சாமி வினாகிரி!”

குருசாமி இருமினார். “அபராதமா சந்நிதியில தேங்காய் ஒண்ணு கூடுதலா உடைச்சிடுங்க. அது கிடக்கட்டும், குப்பியில பாக்கி உண்டா?”

மீதியைக் குருசாமி குடிக்க, இருவருக்கும் தொண்டை தெளிந்தது. குடித்தவர் இருவர், அபராதம் ஒருவனுக்கா என்று ஒச்சப்பன் முரண்டுபிடித்தான். தேங்காய் இன்னும் உடையவில்லை.